மத்திய தரைக்கடல் எறும்புக்குப் பெயர் தேடும்போது: படமா, நுண்ணோக்கியா, டி.என்.ஏ-வா, நிபுணரா?

தென் பிரான்சிலோ ஸ்பெயினின் கிழக்குக் கரையிலோ தக்கை தரும் ஒரு கார்க் ஓக் மரத்தடியில் நின்று பட்டையைப் பாருங்கள். சிவந்த தலையும் கறுத்த பின்வயிறுமாக எறும்புகள் சாரை சாரையாக ஏறி இறங்கும். பத்து எறும்பைப் படமெடுத்தால் பத்தும் ஒரே இனம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சாரையில் இரண்டு இனங்கள் கலந்திருக்கலாம். ஒன்று கிரிமட்டோகாஸ்டர் ஸ்குட்டெல்லாரிஸ். மரத்துக்குள் கூடு வைத்திருப்பது அதுதான். இன்னொன்று காம்போனோட்டஸ் லேட்டராலிஸ். அதே நிறம், ஏறக்குறைய அதே அளவு. கிரிமட்டோகாஸ்டர் போட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், அது கண்டுபிடித்த இடத்திலேயே தானும் சாப்பிடும். இவை இரண்டும் ஒரே பேரினம்கூட இல்லை. துணைக்குடும்பமே வேறு.

எறும்புகளைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி, "இதை எப்படி உறுதியாகத் தெரிந்துகொள்வது?" என்பதுதான். சமீபத்தில் மூன்று பேர் கேட்டார்கள். தென் பிரான்சின் மோன்பெல்லியேவில் முதுகலை படிக்கும் ஒரு மாணவர், வயலோரம் விதை சுமக்கும் எறும்புகளைத் தன் ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறார். எந்த முறையில் இனங்காண்பது என்று அவருக்குக் குழப்பம். பார்சலோனா பக்கம் நாற்றுப்பண்ணையில் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்குத் தொட்டி மண்ணில் கறுப்பு எறும்பு. சிசிலியின் பலெர்மோவில் பல வருடமாக இருக்கும் ஈழத்து அக்கா ஒருவர், "தம்பி, இது என்ன எறும்பு எண்டு தெரிஞ்சால்தானே மருந்து வைக்கலாம்?" என்று பால்கனியில் எடுத்த மங்கலான படம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. அதனால் இருக்கும் நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது

பெயர் எந்தப் படி வரை வேண்டும்? மேலிருந்து கீழாகத் துணைக்குடும்பம், பேரினம், சிற்றினம் என்று படிகள் உண்டு. சுருக்கமாக இனம் என்று நான் சொல்வது சிற்றினத்தைத்தான். மத்திய தரைக்கடல் பகுதியில் இவற்றுக்குக் கீழே இன்னொரு பள்ளமும் இருக்கிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, உண்மையில் பலவாக இருக்கும் மறைவினங்கள். ஃபெய்டோலே பாலிடுலா என்று நூறாண்டுக்கும் மேலாக ஒரே பெயரில் எழுதிவந்த எறும்பு, 2016-இல் நான்கு இனங்களாகப் பிரிந்தது. டாபினோமா நைகெரிமம் 2017-இல் நான்கானது. விதை சுமக்கும் மெஸ்ஸர் ஸ்ட்ரக்டர் 2018-இல் ஐந்தானது. பழைய பட்டியலில் "மெஸ்ஸர் ஸ்ட்ரக்டர்" என்று பார்த்தால், அது இந்த ஐந்தில் எது என்று அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

செலவு. பணம் மட்டுமில்லை. கற்றுக்கொள்ள ஆகும் மாதங்களும், காத்திருக்கும் மாதங்களும் சேர்ந்ததுதான் செலவு.

எறும்பு சாக வேண்டுமா, அனுமதி வேண்டுமா? தேசியப் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் ஓர் எறும்பை எடுக்கவும் அனுமதி வேண்டியிருக்கும். படமெடுக்கப் பெரும்பாலும் வேண்டாம்.

பின்னால் வருபவர் சரிபார்க்க முடியுமா? இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். அர்ஜென்டினா எறும்பை எடுத்துக்கொள்ளுங்கள். குஸ்டாவ் மாயர் என்ற எறும்பு ஆய்வாளர் 1868-இல் புவெனஸ் அய்ரெஸிலிருந்து வந்த எறும்புகளுக்கு ஹிப்போகிளைனியா ஹ்யூமிலிஸ் என்று பெயர் வைத்தார். அப்புறம் அது இரிடோமிர்மெக்ஸ் ஆனது. 1992-இல் ஷட்டக் என்ற வகைப்பாட்டாளர் அதை லைனெபித்தீமாவுக்கு மாற்றினார். பேரினம் இத்தனை முறை மாறியும், மாயர் பார்த்துப் பெயர் வைத்த எறும்பு ஊசியில் குத்தியபடி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம், அளக்கலாம். வகைப்பாடு மாறிக்கொண்டுதான் இருக்கும். மாறும்போது திரும்பிப் போய்ப் பார்க்க ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும்.

தவறினால் என்ன நஷ்டம்? நடைபயணத்தில் பார்த்த எறும்பின் பெயர் தவறினால் ஒன்றும் ஆகாது. நாற்றுப்பண்ணையில் தவறினால், ஊரூராகத் தொட்டிகளோடு எறும்பும் போகும்.

## வழி 1: படமெடுத்து ஐநேச்சுரலிஸ்டில் போடுவது

உயிரினங்களின் படத்தைப் போட்டால் மற்றவர்களும் சேர்ந்து பெயர் சொல்லும் இணையதளமும் செயலியும்தான் ஐநேச்சுரலிஸ்ட். இலவசம். எறும்பு உயிரோடு இருக்கும். தேதியும் இடமும் தானாகப் பதிவாகும். சில எறும்புகளுக்கு இதுவே போதும். பின்வயிறு இதய வடிவில் இருந்து, சீண்டினால் அதைத் தலைக்கு மேலே தூக்கினால் அது கிரிமட்டோகாஸ்டர். நடுப்பகல் வெயிலில், வேறு எறும்பெல்லாம் கூட்டுக்குள் இருக்கும் நேரத்தில், நீளக் கால்களோடு மணலில் பறப்பதுபோல ஓடினால் அது பெரும்பாலும் கேட்டாகிளிஃபிஸ். பெரிய சிவந்த தலையோடு தானியம் சுமந்து நீள வரிசையில் போனால் மெஸ்ஸர் பார்பாரஸாக இருக்கலாம். லின்னேயஸ் 1767-இலேயே பெயர் வைத்த எறும்பு அது.

பேரினம் வரை படம் நம்பகமான வழிதான், படம் சரியாக இருந்தால். சரியான படம் என்றால் மூன்று: பக்கவாட்டில் ஒன்று, முகத்துக்கு நேர் எதிரே ஒன்று, மேலிருந்து ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் மார்புக்கும் பின்வயிற்றுக்கும் நடுவில் உள்ள இடுப்பு தெரிய வேண்டும். எறும்பைச் சிறு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் சில நிமிடம் வைத்தால் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். பலெர்மோ அக்கா அனுப்பிய படத்தில் இவை எதுவும் இல்லை. மூன்று மில்லிமீட்டர் உயிரை ஃபோனில் எடுத்தால் அப்படித்தான் வரும், அதில் அவர் தவறு எதுவும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முதலாவது, ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு "ஆய்வுத் தரம்" பெற, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் போதும். பதிவிட்டவர் செயலி காட்டிய பெயரையே போட்டு, இன்னொருவர் "ஆமாம்" என்றால் முடிந்தது. அந்த இருவரில் யாரும் இடுப்பைப் பார்த்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேலே சொன்ன கார்க் ஓக் சாரை மாதிரி இடத்தில் இது நேராகத் தவறான பெயரில் கொண்டுபோய் விடும். இரண்டாவது, படத்தில் இல்லாததை யாராலும் பிறகு பார்க்க முடியாது. ஐந்து வருடம் கழித்து ஓர் இனம் மூன்றாகப் பிரிந்தால், பெரும்பாலான படங்கள் எதற்கும் உதவாமல் போகும்.

எப்போது நல்லது: பேரினம் போதும் என்றால், காப்பகத்துக்குள் இருக்கிறீர்கள் என்றால், எங்கே, எப்போது பறக்கும் ராணிகள் கிளம்புகின்றன என்பதைப் போன்ற பரவல் தகவல் திரட்டுகிறீர்கள் என்றால்.

## வழி 2: நுண்ணோக்கியும் திறவுகோலும்

யாராவது என்னிடம் ஒரே ஒரு வழியை மட்டும் சொல் என்றால், இதைத்தான் சொல்வேன். அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

திறவுகோல் என்பது ஒவ்வொரு படியிலும் இரண்டு விவரிப்புகளைக் கொடுத்து, "இதுவா, அதுவா?" என்று கேட்டுக்கொண்டே போகும் வழிகாட்டி. எறும்பில் முதல் கேள்வி இடுப்பில் எத்தனை கணு, அதாவது முடிச்சு போன்ற புடைப்பு, என்பது. இரண்டு கணு இருந்தால் மத்திய தரைக்கடல் பகுதியில் அது பெரும்பாலும் மிர்மிசினே துணைக்குடும்பம்: கிரிமட்டோகாஸ்டர், மெஸ்ஸர், ஃபெய்டோலே, டெட்ராமோரியம், சொலெனாப்சிஸ் எல்லாம் இதில்தான் வரும். ஒரு கணு இருந்தால் பின்வயிற்றின் நுனியைப் பாருங்கள். வட்டமான சிறு துளையும் அதைச் சுற்றி மயிர் வளையமும் இருந்தால் ஃபார்மிசினே. ஃபார்மிக் அமிலம் பீய்ச்சும் துளை அது. காம்போனோட்டஸும் லேசியஸும் கேட்டாகிளிஃபிஸும் இதில் வரும். வட்டத் துளைக்குப் பதில் மயிர் வளையம் இல்லாத ஒரு கீற்று இருந்தால் டோலிகோடெரினே. அர்ஜென்டினா எறும்பும் டாபினோமாவும் அந்தப் பக்கம்.

கார்க் ஓக் சாரைக்கு இப்போது திரும்புங்கள். கிரிமட்டோகாஸ்டருக்கு இரண்டு கணு. இரண்டாவது கணு பின்வயிற்றின் மேல்பக்கத்தில் போய் ஒட்டியிருக்கும், அதனால்தான் அந்த எறும்பால் பின்வயிற்றைத் தலைக்கு மேல் மடக்க முடிகிறது. காம்போனோட்டஸ் லேட்டராலிஸுக்கு ஒரே கணு. 10 மடங்கு கை லென்ஸ் போதும். நிறத்தில் இத்தனை ஒற்றுமை காட்டிய இரண்டையும் இடுப்பு ஒரே பார்வையில் பிரித்துவிடுகிறது.

நாற்றுப்பண்ணை நண்பரின் கறுப்பு எறும்பும் இப்படித்தான். தொட்டி மண்ணில் கறுப்பு எறும்பு என்றால் எல்லோரும் முதலில் லேசியஸ் நைஜர் என்பார்கள். ஆனால் நைகெரிமம் பிரிந்த நான்கில் ஒன்றான டாபினோமா மேக்னமும் கறுப்பு. ஒரே கூட்டில் 2 மில்லிமீட்டரிலிருந்து ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் வரை பல அளவில் இருக்கும். ஒன்றை விரலில் நசுக்கி முகர்ந்தால் கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்கும். லென்ஸில் பார்த்தால் இடுப்புக் கணு தட்டையாகி, பின்வயிறு அதன்மேல் கவிழ்ந்து, கணுவே இல்லாததுபோலத் தெரியும். லேசியஸுக்கு நிமிர்ந்து நிற்கும் செதில் மாதிரியான கணு. மேக்னம் தொட்டிச் செடிகளோடு பயணம் செய்து பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, ஜெர்மனி வரை போய்ப் பெருங்கூட்டங்களாக, அதாவது ஒன்றோடொன்று சண்டையிடாத பல கூடுகள் சேர்ந்த கூட்டங்களாக, பரவியிருக்கிறது. பண்ணைக்காரர் அன்றைக்கே தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது, ஆய்வக அறிக்கைக்குக் காத்திருக்க நேரமில்லை.

உணர்கொம்பின் கணுக்களை (இங்கே கணு என்றால் துண்டு) எண்ணுவது இன்னொரு நல்ல சோதனை. சிசிலியில் சிராகூசா நகரத்தின் அருகே சிவப்பு நெருப்பு எறும்பான சொலெனாப்சிஸ் இன்விக்டா 88 கூடுகளோடு பரவியிருப்பதாக 2023-இல் ஓர் ஆய்வு வெளியானது. அதற்குப் பின் தெற்கு இத்தாலியில் சிவந்து கடிக்கும் எறும்பு எதைப் பார்த்தாலும் மக்களுக்குப் பயம், நியாயமான பயம்தான். சொலெனாப்சிஸ் வேலைக்கார எறும்பின் உணர்கொம்பில் 10 கணுக்கள், நுனியில் 2 மட்டும் பருத்திருக்கும். ஃபெய்டோலேயில் 12 கணுக்கள், நுனியில் 3 பருத்தவை. இதை எண்ண 40 மடங்குப் பெருக்கமும், எறும்பு அசையாமல் இருப்பதும் வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஐரோப்பாவுக்கே சொந்தமான சின்னச் சின்ன சொலெனாப்சிஸ் எறும்புகளும் உண்டு. ஆகவே இரண்டு பருத்த கணுக்களைப் பார்த்ததும் இன்விக்டா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேரினம்தான் தெரிந்திருக்கிறது.

இனி இதன் மறைமுகச் செலவுகள். புதிய ஸ்டீரியோ நுண்ணோக்கி ஒன்று சில நூறு யூரோ ஆகும் என்று எல்லோரும் கணக்குப் போடுவார்கள். விளக்கை மறந்துவிடுவார்கள். எறும்பின் மேனி பளபளப்பானது. நேர் வெளிச்சத்தில் கண் கூசி, மயிரும் வரிகளும் மறைந்துபோகும். வெளிச்சத்துக்கும் எறும்புக்கும் நடுவே ஒரு துண்டு ட்ரேசிங் தாளை வளைத்து வைத்தால் சரியாகிவிடும். அடுத்தது, திறவுகோலுக்கும் ஊர் உண்டு. மத்திய ஐரோப்பாவுக்கு எழுதிய திறவுகோலைத் தென் ஸ்பெயினின் அந்தலூசியாவில் பயன்படுத்தினால் அது ஏதாவது ஒரு பெயரைக் கொடுத்தே தீரும். உங்கள் எறும்பு அதில் இல்லை என்று அதற்குத் தெரியாது. மூன்றாவது, பெரும்பாலான திறவுகோல்கள் வேலைக்கார எறும்புகளை வைத்து எழுதப்பட்டவை. சிறகுள்ள ஆண் எறும்பு மட்டும் கிடைத்தால் தடுமாறத்தான் வேண்டும்.

கண் பழக ஓர் ஆறு மாதமாவது ஆகும். அதைச் செலவாக நான் கருதவில்லை, ஆனால் நாளைக்கே பதில் வேண்டும் என்பவருக்கு அது செலவுதான்.

இந்த வழி நின்றுபோகும் இடம் எது என்றால் மறைவினங்கள். டாபினோமா மேக்னமா, டேரியோயியா, ஐபெரிகமா என்று கேட்டால் வீட்டு நுண்ணோக்கியால் பெரும்பாலும் முடியாது. "நைகெரிமம் கூட்டத்தைச் சேர்ந்தது" என்று எழுதி நிறுத்துவதுதான் நேர்மை.

எப்போது நல்லது: தொடர்ந்து எறும்பு பார்ப்பவருக்கு, பண்ணைக்கு, ஆய்வேட்டுக்கு. எறும்பு கையிலேயே இருப்பதால் பின்னால் யாரும் சரிபார்க்கலாம்.

## வழி 3: டி.என்.ஏ பார்கோடு

2003-இல் உயிரியலாளர் பால் ஹெபர்ட்டும் கூட்டாளிகளும் முன்வைத்த யோசனை இது. மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லின் உட்கருவுக்கு வெளியே, தனக்கெனத் தனி டி.என்.ஏ வைத்திருக்கும் உறுப்பு) உள்ள சி.ஓ.ஐ என்ற மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்து, ஏற்கெனவே பெயரிட்ட எறும்புகளின் தரவுத்தளத்தோடு ஒப்பிடுவது. ஒரு கால் போதும். மீதி எறும்பை ஊசியில் குத்தி வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ளவும் வேண்டும்.

இதற்கு ஈடில்லாத இடங்கள் உண்டு. பல்லியின் வயிற்றில் கிடைத்த பாதி எறும்பு, துறைமுகச் சோதனையில் சிக்கிய முட்டைப்புழு, தலை உடைந்த பழைய மாதிரி. இவற்றில் உருவத்தைப் பார்க்கவே வழியில்லை. எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் மரபணுதான் பதில் சொல்லும். சிராகூசாவின் நெருப்பு எறும்பு தென் அமெரிக்காவிலிருந்து நேராக வரவில்லை, ஏற்கெனவே குடியேறிய அமெரிக்காவிலிருந்தோ சீனாவிலிருந்தோ வந்திருக்கக்கூடும் என்பது அதன் மரபணுவை வைத்துச் சொன்னதுதான்.

ஆனால் "டி.என்.ஏ பார்த்தாச்சு, இனி பேச்சில்லை" என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும், மெஸ்ஸர் ஸ்ட்ரக்டர் பிரிந்த ஐந்தில் ஒன்றான மெஸ்ஸர் ஐபெரிகஸின் கதையைச் சொல்வேன். மோன்பெல்லியே ஆய்வாளர்கள் 2025-இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. ஐபெரிகஸ் கூட்டில் வேலைக்கார எறும்புகள் எல்லாமே கலப்பினம்: தாய் ஐபெரிகஸ், தகப்பன் மெஸ்ஸர் ஸ்ட்ரக்டர். அப்படியானால் பக்கத்தில் ஸ்ட்ரக்டர் கூடு இருக்க வேண்டும் அல்லவா? சிசிலியில் அருகில் எங்கும் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் ஸ்ட்ரக்டர். விடை கூட்டுக்குள்ளேயே இருந்தது. ஐபெரிகஸ் ராணி இரண்டு வகை ஆண்களை இடுகிறாள். ஒன்று தன் இனம், உடம்பெல்லாம் மயிர். மற்றொன்று ஸ்ட்ரக்டர் இனம், மயிர் ஏறக்குறைய இல்லை. ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன வேறோர் இனத்தின் ஆணை, தன் வயிற்றில் நகலெடுத்துப் பெறுகிறாள்.

முதன்முதலில் இதைப் படித்தபோது நான் அந்தப் பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இங்கே பார்கோடு என்ன சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவது. அந்த ஸ்ட்ரக்டர் ஆணின் உட்கரு மரபணு ஸ்ட்ரக்டர், மைட்டோகாண்ட்ரியா ஐபெரிகஸ். சி.ஓ.ஐ துண்டை மட்டும் படித்தால் ஐபெரிகஸ் என்று பதில் வரும். கலப்பின வேலைக்கார எறும்பைப் படித்தாலும் ஐபெரிகஸ்தான் வரும், அதன் தகப்பனைப் பற்றிய சுவடே இருக்காது. ஆணின் மயிரை நுண்ணோக்கியில் பார்த்தவர், ஆய்வகத்துக்குப் பணம் கட்டியவரை விடச் சரியாகச் சொல்லியிருப்பார்.

எல்லா எறும்பும் இப்படியில்லை. ஆனால் தாய்வழி வரலாறும் இனத்தின் வரலாறும் ஒன்றாகவே போகும் என்ற நம்பிக்கைமேல்தான் பார்கோடு நிற்கிறது. கலப்பு அதிகமுள்ள எறும்புக் குழுக்களில் அந்த நம்பிக்கை அடிக்கடி உடையும்.

செலவுகளும் உண்டு. ஒரே ஒரு மாதிரிக்கு ஆய்வகம் கேட்கும் தொகை, நூறு மாதிரியாகக் கொடுக்கும்போது ஆவதை விடப் பல மடங்கு. சில மாதிரிகளில் மரபணு வராமலே போகும், அதற்கும் பணம் போகும். தரவுத்தளத்தில் உள்ள பெயரை முதலில் வைத்தவரும் ஒரு மனிதர்தான். அவர் தவறியிருந்தால் உங்கள் பதிலும் தவறும். ஆல்கஹாலில் ஊறிய எறும்பைத் தபாலில் அனுப்ப விதிகள் இருக்கின்றன. பிரான்ஸ், ஸ்பெயின் போன்ற நாடுகளில் மரபணு ஆய்வுக்கு மாதிரி எடுக்க நகோயா உடன்படிக்கையின் (ஒரு நாட்டின் மரபணு வளத்தைப் பயன்படுத்துவது பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை) கீழ் எழுத்துவேலையும் இருக்கக்கூடும். மாணவர்கள் இதைக் கடைசி மாதத்தில் கண்டுபிடித்துத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது நல்லது: உருவம் சிதைந்த மாதிரி, வந்தேறி எறும்பின் மூல ஊர், நூற்றுக்கணக்கான மாதிரிகளை ஒரே நேரத்தில் முதற்கட்டமாகப் பிரிப்பது.

## வழி 4: நிபுணரிடம் கொடுப்பது

எறும்பு வகைப்பாட்டாளர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரத்துச் செங்கன்பெர்க் அருங்காட்சியகத்தில் பெர்ன்ஹார்ட் சைஃபர்ட் பல பத்தாண்டுகளாக வளர்த்த முறையைச் சொன்னால் நிபுணர் என்ன செய்கிறார் என்று புரியும். ஒரே கூட்டிலிருந்து பல வேலைக்கார எறும்புகளை எடுத்து, தலையின் நீளம், அகலம், உணர்கொம்பின் அடித்தண்டு நீளம், மயிர்களின் எண்ணிக்கை என்று பல அளவுகளைப் பெரும் பெருக்கத்தில் அளப்பார்கள். அப்புறம் கூட்டை ஓர் அலகாக வைத்துப் புள்ளியியலில் தொகுப்பார்கள். ஃபெய்டோலே பாலிடுலா நான்கானதும், டாபினோமா நைகெரிமம் நான்கானதும் இத்தகைய அளவைகளின் துணையோடுதான். ஒற்றை எறும்பு ஏமாற்றும். ஒரு கூடே சேர்ந்து ஏமாற்றுவது கடினம்.

பணம் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். அவர்கள் நேரத்தைத்தான் கேட்கிறோம், அதை மறக்கக் கூடாது. பதில் வர மாதங்கள் ஆகலாம். மாதிரியில் ஒரு பகுதியை அருங்காட்சியகத்துக்கே விட வேண்டியிருக்கலாம், அது நல்லதுதான். முதலில் எழுதிக் கேட்காமல் பார்சல் அனுப்பாதீர்கள். கூடவே, நீங்களே பேரினம் வரை பார்த்துவிட்டு, எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்றும் எழுதுங்கள். "இது என்ன?" என்ற கடிதத்தை விட "கணு இரண்டு, உணர்கொம்பு 12, இதற்குமேல் போக முடியவில்லை" என்ற கடிதத்துக்குத்தான் சீக்கிரம் பதில் வரும்.

எப்போது நல்லது: மறைவினங்கள், ஒரு நாட்டுக்கோ தீவுக்கோ புதிய பதிவு, அச்சில் போகும் பெயர்.

## பக்கத்தில் பக்கத்தில்

| | படம் | நுண்ணோக்கி | டி.என்.ஏ பார்கோடு | நிபுணர் |
|---|---|---|---|---|
| நம்பிப் போகக்கூடிய படி | பேரினம், சில சிற்றினம் | பெரும்பாலும் சிற்றினம் | சிற்றினம், கலப்புக் குழுக்களில் தவறும் | மறைவினம் வரை |
| பணம் | இல்லை | ஒருமுறை, சில நூறு யூரோ | மாதிரிக்கு மாதிரி | பெரும்பாலும் தபால் செலவு |
| நேரம் | அன்றைக்கே | கற்க மாதங்கள், பிறகு அரைமணி | வாரங்கள் | மாதங்கள் |
| எறும்பு | உயிரோடு | சாகும் | சாகும், ஒரு கால் போதும் | சாகும், ஒரு கூட்டுக்குப் பல |
| பின்னால் சரிபார்க்க | படத்தில் உள்ளது மட்டும் | முடியும் | மீதி உடலை வைத்திருந்தால் | முடியும் |
| மறைந்த செலவு | கூட்டமாக ஒத்துக்கொள்ளும் தவறு | வெளிச்சம், பொருந்தாத திறவுகோல் | எழுத்துவேலை, தாய்வழிப் பிழை | அவர்களுடைய நேரம் |

## எந்த வழி போனாலும், முதலில் குப்பி

படத்தைத் தவிர மற்ற மூன்றுக்கும் தொடக்கம் ஒன்றுதான். ஒரு கூட்டுக்கு ஒரு குப்பி. அதில் பத்துப் பதினைந்து வேலைக்கார எறும்புகள், பெரியதும் சிறியதும் கலந்து. சிறகுள்ளவை கிடைத்தால் அவையும். 95 சதவீத எத்தில் ஆல்கஹால். உள்ளே ஒரு தாள் சீட்டு: தேதி, ஆயத்தொலைவுகள், கடல்மட்டத்திலிருந்து உயரம், கல்லடியா மரப்பட்டையா என்ற குறிப்பு, எடுத்தவர் பெயர்.

சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள். என் முதல் சேகரிப்பில் பேனாவால் எழுதினேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது ஆல்கஹால் நீலமாகியிருந்தது, தாள் வெள்ளையாக இருந்தது. பதினோரு கூட்டின் எறும்புகள் நல்ல நிலையில் கையில் இருந்தும், எது எங்கே எடுத்தது என்று சொல்ல முடியாமல் எல்லாம் வீணானது. அந்த எறும்புகளைக் கொன்றதற்கு எந்தப் பயனும் இல்லாமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்.

பாதியை ஆல்கஹாலிலேயே விடுங்கள், டி.என்.ஏ-வுக்கு அது வேண்டும். மீதியில் சிலவற்றை முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் துளிப் பசை வைத்து ஒட்டி, அட்டையை ஊசியில் குத்துங்கள். இப்படிச் செய்துவிட்டால் இன்றைக்கு ஒரு வழியைத் தேர்ந்தெடுத்ததற்காக மற்ற வழிகளின் கதவு மூடிவிடாது.

## மூவருக்கும் நான் சொன்னது

பலெர்மோ அக்காவிடம், பால்கனிக்குப் படமும் ஒரு 10 மடங்கு லென்ஸும் போதும் என்றேன். நசுக்கிப் பார்க்கச் சொன்னேன். வெண்ணெய் வாடை வந்தால் டாபினோமா. மணம் அவ்வளவாக இல்லாமல், எல்லா எறும்பும் 2, 3 மில்லிமீட்டரில் ஒரே அளவாக, பழுப்பாக, முடிவில்லாமல் வந்துகொண்டிருந்தால் அர்ஜென்டினா எறும்பாக இருக்கலாம். இத்தாலியிலிருந்து ஸ்பெயினின் அட்லான்டிக் கரை வரை 6,000 கிலோமீட்டருக்கு ஒரே பெருங்கூட்டமாகப் பரவியிருப்பதாக 2002-இல் ஆய்வாளர்கள் காட்டிய எறும்பு அது. இரண்டுக்குமே கண்ணில் படும் வரிசையின்மேல் மருந்து தெளிப்பதால் பயன் குறைவு. பல ராணிகள் உள்ளே இருப்பார்கள். வேலைக்கார எறும்புகள் கூட்டுக்குச் சுமந்துபோகும் மெதுவான இரைமருந்துதான் வழி. ஆக அவருக்குச் சிற்றினம் தேவையே படவில்லை.

பார்சலோனா நண்பருக்கு நுண்ணோக்கி. நைகெரிமம் கூட்டம் என்று தெரிந்த உடனே தொட்டிகளை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும், அப்புறம் குப்பியை நிபுணருக்கு அனுப்ப வேண்டும். அந்த நான்கு இனங்களில் நைகெரிமம் மட்டும் பெருங்கூட்டம் அமைப்பதில்லை, மற்ற மூன்றும் அமைக்கும். அந்த வித்தியாசம் அவருடைய பண்ணைக்கு முக்கியம், ஆனால் பதில் வரும்வரை மோசமானதையே எதிர்பார்த்து நடந்துகொள்வதில் தப்பில்லை.

மோன்பெல்லியே மாணவருக்குத்தான் நீளமான பதில். மெஸ்ஸரில் வேலைக்கார எறும்பை மட்டும் எடுத்து ஒரு சிற்றினப் பெயரைத் தேடினால், இல்லாத ஒன்றைத் தேடுவதாக ஆகலாம். கூட்டிலிருந்து ராணிகள் பறக்கும் நாள்வரை காத்திருந்து சிறகுள்ள ராணியையும் ஆண்களையும் எடுங்கள். ஆண்களின் மயிரை நுண்ணோக்கியில் பாருங்கள். பார்கோடு போதாது, உட்கரு மரபணுவையும் பார்க்கும் ஆய்வகத்தோடு சேருங்கள், உங்கள் ஊரிலேயே அது இருக்கிறது. சீட்டில் வேலைக்கார எறும்புக்குச் சிற்றினம் எழுதாமல், "மெஸ்ஸர், கூடு எண் 4, ராணி: ஐபெரிகஸ், மயிருள்ள ஆண் 3, மயிரில்லா ஆண் 2, வேலைக்கார எறும்பு: கலப்பாக இருக்கலாம்" என்று பென்சிலில் எழுதச் சொன்னேன்.